மன்னிச்சிட்டியா என்று கேட்டுவிட்டுத்தான் ஜெபம்

1

போன குளிர்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஐந்தே முக்காலுக்கு, ஜெபத்துக்கு எழுந்து வரவில்லை என்று என் மகளை அடித்தேன். ஊரில் இருக்கிற உங்களில் பலருக்கு இது ஒரு விஷயமாகவே படாது. பெத்தவ அடிக்காம வேற யாரு அடிப்பா என்று கேட்பீர்கள். நானும் அதைக் கேட்டு வளர்ந்தவள்தான். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். இங்கே இருப்பவர்களுக்கு ஏற்கெனவே நான்கு பக்கப் படிவத்தில் எழுதிக் கொடுத்தாயிற்று.

என் பெயர் எஸ்தர். பிறந்து வளர்ந்தது ஆம்பூர். ஜெர்மனிக்கு வந்து பதினெட்டு வருஷமாகிறது. ஒரு சின்ன நகரத்தில் முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை. வீட்டுக்காரர் பால்ராஜ் வேலூர் பக்கம் சத்துவாச்சாரிக்காரர். தோலுக்கான ரசாயனம் தயாரிக்கும் கம்பெனியில் இருக்கிறார். தோல் நாற்றத்தை விட்டுத் தப்பித்து வந்தேன் என்று நினைத்தேன், அது அவர் சட்டையில் ஏறி எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தது. ஒரே மகள் லியா. வயது பதினைந்து. இங்கேயே பிறந்தவள்.

எங்கள் வீட்டில் காலை ஜெபம் ஐந்தே முக்காலுக்கு. ஆறரைக்கு எனக்கு ஷிப்ட். வெளியே இருட்டு, ஜன்னலில் பனி, உள்ளே மூன்று பேர், ஒரு பாட்டு, ஒரு வசனம், ஒரு ஜெபம். பத்து நிமிஷம்தான். லியா ஐந்து வயதில் எங்களைவிடச் சத்தமாகப் பாடுவாள். பத்து வயதில் வாயை மட்டும் அசைத்தாள். பதின்மூன்றில் தூங்கி வழிந்தாள். அந்தச் செவ்வாய்க்கிழமை எழுந்திருக்கவே இல்லை.

"எனக்கு இதுல நம்பிக்கை இல்லம்மா. நீ பண்ணு. என்னை விட்டுடு" என்றாள் போர்வைக்குள்ளிருந்து.

போர்வையை இழுத்தேன். அவள் திரும்பிப் படுத்துக்கொண்டு, "உன் ஆண்டவர் என்ன ஸ்கூல் டீச்சரா? அஞ்சே முக்காலுக்கு நான் வரலன்னா ஆப்சென்ட் போடுவாரா?" என்றாள்.

இப்போது எழுதும்போது சிரிப்புகூட வருகிறது. அன்றைக்கு வரவில்லை. முதல் அடி முதுகில். இரண்டாவதைக் கையால் தடுத்தாள். மூன்றாவது கன்னத்துக்கு என்று ஓங்கியது, காதில் விழுந்தது. காதில் வளையம் போட்டிருந்தாள். என் விரல் அதில் மாட்டிக்கொண்டது. நான் விரலை வெடுக்கென்று இழுத்தேன், காதுமடல் கீழ்வரைக்கும் கிழிந்துவிட்டது. தலையணை உறை சிவந்தது. அவள் அலறவில்லை. காதைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

ரத்தத்தை நிறுத்த எனக்குத் தெரியும். அதுதானே என் வேலை. பஞ்சை அழுத்தி, மடலை ஒட்டி, கட்டுப் போட்டேன். அதற்கப்புறம் ஹாலுக்குப் போய் ஜெபம் பண்ணினேன். ஆமாம், பண்ணினேன். அந்த விரலை இன்னும் கழுவிக்கூட இருக்கவில்லை.

மறுநாள் காலை அவளாகவே வந்து உட்கார்ந்தாள். எனக்கு மனசு லேசாகிவிட்டது. வசனம் வாசிக்கப் புத்தகத்தைத் திறக்கும் முன், என் வாய் தானாகவே கேட்டது.

"மன்னிச்சிட்டியா?"

"இல்ல" என்றாள் லியா.

"இன்னா இல்ல?"

பதினெட்டு வருஷமாக வீட்டில் நான் 'என்ன' என்றுதான் பேசிக்கொண்டிருந்தேன். அந்த 'இன்னா' எங்கள் அப்பாவுடையது. அதைக் காதால் கேட்ட பிறகும் எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. "சொல்லு, மன்னிச்சிட்டேன்னு சொல்லு, ஜெபம் பண்ணணும்" என்றேன்.

"அடி. அடிச்சாலும் சொல்லமாட்டேன்."

அடித்தேன். கட்டுப் போட்டிருந்த காது வேண்டாம் என்று மறு கன்னத்தில் அடித்தேன். அந்த அளவுக்கு நிதானத்தோடுதான் அடித்தேன் என்பதைப் படிவத்தில் எழுத இடம் இருக்கவில்லை.

2

எங்கள் அப்பாவைப் பற்றி ஆம்பூரில் விசாரித்தால் நல்லபடியாகத்தான் சொல்வார்கள். குடி கிடையாது, பீடி கிடையாது. சபையில் காணிக்கைப் பை பிடிப்பவர். தோல் பதனிடுகிற டேனரியில் அவருக்கு, தோலில் ஒட்டியிருக்கும் சதையைச் சுரண்டுகிற மிஷின். இரண்டு உருளைக்கு நடுவே ஈரத் தோலைக் கொடுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு உருளை முழுக்கக் கத்தி. சுண்ணாம்பில் ஊறின தோல், சோப்பு மாதிரி வழுக்கும். பிடி நழுவினால் தோலுக்குப் பதில் கை உள்ளே போகும்.

பக்கத்து மிஷினில் இருந்த ஒருவருக்கு அப்படித்தான் மூன்று விரல் போனது. அப்பா கண்ணெதிரே நடந்தது. சாயந்திரம் வந்து சட்டையைக் கழற்றும்போது அதில் ரத்தம் தெறித்திருந்தது. "காலைல பொண்டாட்டியாண்ட சண்ட போட்டுக்கினு, ஜெபம் பண்ணாம வந்தான்" என்றார். அவ்வளவுதான் அவர் கண்ட காரணம். அன்றையிலிருந்து எங்கள் வீட்டில் காலை ஜெபம் சட்டமாகிவிட்டது.

மசூதியில் பாங்கு சொல்வதற்கு முன்னால் நாங்கள் முழங்காலில் இருக்க வேண்டும். சாயபுமாருக்கு முன்னால் ஆண்டவரிடம் போய்விட வேண்டும் என்று அப்பாவுக்கு ஒரு போட்டி. அப்புறம் ஐந்தரைக்கு டேனரிச் சங்கு. அதற்குள் எல்லாம் முடிய வேண்டும்.

ஜெபத்துக்கு முன்னால் ஒப்புரவு. மனத்தாங்கலோடு ஜெபம் பண்ணினால் கூரைக்கு மேலே போகாது என்று சபையில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். தப்பில்லாத போதனைதான். அதை அப்பா தன் வசதிக்கு எடுத்துக்கொண்டார். சாயந்திரம் குழம்பில் உப்பு ஜாஸ்தி என்று அம்மாவின் தலையைச் சுவரில் மோதுவார். பதில் பேசினாள் என்று டேனரியிலிருந்து கொண்டு வந்த வார்த் துண்டால் முதுகில் விளாசுவார். காலையில் பாயை விரித்து மூன்று பேரும் உட்கார்ந்ததும், புத்தகத்தைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு, அம்மாவைப் பார்த்துக் கேட்பார்.

"கிருபா, மன்னிச்சிட்டியா?"

"மன்னிச்சிட்டேங்க" என்பாள் அம்மா. சில நாள் உதடு வீங்கியிருக்கும், 'ம' சரியாக வராது.

"ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டு அப்பா புத்தகத்தைத் திறப்பார். அவர் ஜெபம் ரொம்ப அழகாக இருக்கும். இதை நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை. அன்றைய நாளை ஆண்டவர் கையில் கொடுத்து, தன் பத்து விரலையும் ஆண்டவர் கையில் கொடுத்து, கண்ணீர் விட்டு ஜெபிப்பார். போய் வருகிற வரைக்கும் அவருக்கு ஒரு பயமும் இருக்காது. முந்தின நாள் கணக்கெல்லாம் தீர்ந்துவிட்டதே. சாயந்திரம் புதிதாக ஆரம்பிக்கலாம்.

3

எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது அம்மா ஐந்து மாதக் கர்ப்பம். எனக்குத் தம்பி வேண்டும் என்று நான் தினமும் ஜெபத்தில் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனைக்குக் கட்டிக்கொண்டு போகிற அப்பாவின் வெள்ளை வேட்டியில் இஸ்திரி சூடு பட்டு மஞ்சளாகிவிட்டது. அப்பா அம்மாவைக் கீழே தள்ளினார். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். பிடித்திருந்த கையின் மேலேயே உதைத்தார். இரண்டு உதை. நான் வாசற்படியில் நின்று எண்ணினேன். என்னால் வேறு எதுவும் செய்ய முடியவில்லை.

ஆஸ்பத்திரியில், தண்ணீர்க் குழாயடியில் பாசி வழுக்கி விழுந்துவிட்டேன் என்று அம்மா சொன்னாள். அம்மாவின் கையில் இருந்த செருப்புத் தடத்தை நர்ஸ் பார்த்தாள், எழுதிக்கொண்டு போய்விட்டாள். பிறந்தது தம்பிதான். உயிரில்லை. ஒரு துணியில் சுற்றி அப்பாவிடம் கொடுத்தார்கள்.

நாலாம் நாள் அம்மா வீட்டுக்கு வந்தாள். ஐந்தாம் நாள் காலை, பாங்குக்கு முன்னால், பாயை விரித்தார் அப்பா. அம்மாவால் சம்மணம் போட முடியவில்லை. சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்தாள். பால் கட்டி, ரவிக்கை நனைந்திருந்தது.

"கிருபா, மன்னிச்சிட்டியா?"

அம்மா பேசவில்லை.

காது கேட்கவில்லையோ என்று அப்பா இன்னொரு தரம் கேட்டார். அம்மா எதிர்ச் சுவரைப் பார்த்தாள். மூன்றாம் தரம் கேட்கும்போது அப்பாவின் குரல் உடைந்தது. கெஞ்சினார் என்றுகூடச் சொல்லலாம். "சொல்லுடி. ஜெபம் பண்ணணும். வேலைக்குப் போவணும்டி."

பாங்கு சொன்னார்கள். எங்கள் வீட்டில் இன்னும் ஜெபம் ஆரம்பிக்கவில்லை. அப்பா புத்தகத்தைப் பத்திரமாக அலமாரியில் வைத்தார். வைத்துவிட்டு வந்து அம்மாவை அடித்தார். நாலு நாளுக்கு முன்னால் பிள்ளை பெற்ற உடம்பை. அடிக்கிறார், கேட்கிறார். "மன்னிச்சிட்டியா? சொல்லு. மன்னிச்சிட்டியா?" கன்னத்தில், தோளில், தலைமுடியைப் பிடித்துத் தூக்கி. அம்மாவின் மூக்கிலிருந்து ரத்தம் வந்து வாய்க்குள் போனது. வாய் திறக்கவில்லை. நான் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டேன், உதறினார். அம்மா செத்துவிடுவாள் என்று எனக்குத் தெரிந்தது. அவள் பேசப் போவதில்லை என்பதும் தெரிந்தது.

"அப்பா, அம்மா மன்னிச்சிட்டாங்கப்பா!" என்று கத்தினேன். "என்னாண்ட சொன்னாங்கப்பா! மன்னிச்சிட்டாங்க!"

அப்பாவின் கை அந்தரத்திலேயே நின்றது. என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். மூச்சு வாங்கியது. அப்புறம், "ஸ்தோத்திரம்" என்றார்.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து வாசித்தார், ஜெபித்தார், அழுதார். சங்கு ஊதியது, போய்விட்டார். நான் துணியை நனைத்துக்கொண்டு அம்மாவின் மூக்கைத் துடைக்கப் போனேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டாள்.

"என்கிட்ட இருந்தது அது ஒண்ணுதான்டி" என்றாள். "அத எடுத்து அந்தாளு கையில குடுத்துட்ட."

எனக்குப் புரியவில்லை. உயிரைக் காப்பாற்றினேன், திட்டுகிறாளே என்று கோபமாக வந்தது. ஆனால் பொய் சொல்லிவிட்டேன் என்பது மட்டும் புரிந்தது, அதுவும் ஜெபத்தில். பொய்யின்மேல் ஜெபம் பண்ணிவிட்டுப் போயிருக்கிற அப்பாவை ஆண்டவர் விடமாட்டார் என்று நம்பினேன். அன்று முழுக்கக் காத்திருந்தேன். சாயந்திரம் அப்பா வந்து கைகால் கழுவும்போது பக்கத்தில் நின்று விரல்களை எண்ணினேன். பத்தும் இருந்தது. ஆண்டவர்மேல் எனக்கு வந்த முதல் கோபம் அதுதான்.

4

அதற்கப்புறம் அது என் வேலையாகிவிட்டது. அப்பா அம்மாவைப் பார்த்துக் கேட்பார். அம்மா சுவரைப் பார்ப்பாள். நான், "மன்னிச்சிட்டாங்கப்பா" என்பேன். "ஸ்தோத்திரம்." புத்தகம் திறக்கும்.

அம்மா பேசாதவள் ஒன்றும் இல்லை. குழாயடியில் அக்கம்பக்கத்துப் பெண்களோடு நாள் பூராவும் வாயாடுவாள், என்னைத் திட்டுவாள், கொஞ்சுவாள். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் கிடையாது. அப்பாவும் அவள் வாயை எதிர்பார்ப்பதை விட்டுவிட்டார். அவருக்கு அந்த வார்த்தை வேண்டும், யார் வாயிலிருந்து வந்தால் என்ன. அடியும் நிற்கவில்லை. ஒரு தரம் தோள்பட்டை இறங்கியது. ஒரு தரம் சூடான தோசைக்கல். மறுநாள் காலை பாய் விரிக்கும், நான் சொல்வேன். நர்ஸிங் படிக்க வேலூர் ஹாஸ்டலுக்குப் போகிற வரைக்கும், ஆறு வருஷம்.

5

லியா இரண்டாம் நாள் பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லிவிட்டாள். காதைக் காட்டினாள், கன்னத்தைக் காட்டினாள். வீட்டுக்குப் போகமாட்டேன் என்றாள். மத்தியானம் எனக்குப் போன் வந்தபோது நான் ஒரு கிழவருக்கு முதுகுப் புண்ணில் மருந்து வைத்துக்கொண்டிருந்தேன். சிறுவர் நல அலுவலகத்திலிருந்து பேசினார்கள். உங்கள் மகள் பத்திரமாக இருக்கிறாள், இன்று வரமாட்டாள் என்றார்கள். பத்திரமாக என்றால் என்னிடமிருந்து பத்திரமாக.

காதுக்குத் தையல் போட வைத்து, அவளுக்கு ஒரு விடுதியில் இடம் கொடுத்தார்கள். எங்களுக்கு ஒரு கடிதம், ஒரு படிவம், ஒரு தேதி. இந்த ஊரில் நாய் வளர்க்கவும் படிவம், மரம் வெட்டவும் படிவம், அதெல்லாம் பழக்கம்தான். இந்தப் படிவத்தில், 'சம்பவத்தை உங்கள் சொற்களில் விவரிக்கவும்' என்று ஏழு கோடு போட்டிருந்தது. எனக்கு ஜெர்மனில் படுக்கைப் புண்ணுக்கு வார்த்தை உண்டு, மலச்சிக்கலுக்கு மூன்று வார்த்தை உண்டு. இதற்கு இல்லை. ஒரு வார்த்தை போட்டேன். அலுவலகத்தில் இருந்த இளம்பெண் அதைப் படித்துவிட்டுப் புருவத்தை உயர்த்தினாள். இருமுகிற கிழவர்களின் முதுகில் நாங்கள் தட்டிக் கொடுப்போமே, அந்த வார்த்தை அது. வாய் தவறியதா, தப்பிக்கப் பார்த்தேனா என்று எனக்கே தெரியாது. அடித்துத் திருத்தினேன். 'இதுவே முதல் முறையா' என்ற கட்டத்தில் ஆமாம் என்று போட்டிருந்ததையும் திருத்தினேன்.

வீட்டுக்கு வந்தால் லியாவின் படுக்கை. நான் உறையை மாற்றியிருந்தேன், தலையணையில் கறை உள்ளே இறங்கியிருந்தது. காலையில் நானும் பால்ராஜும் மட்டும் உட்கார்ந்தோம். போனில் ஆம்பூர்ச் சபைக் குழுவிலிருந்து ரோஜாப்பூப் போட்ட வாக்குத்தத்த வசனப் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. உங்கள் இல்லத்தில் இன்று சமாதானம் என்றது ஒன்று. போனைக் கவிழ்த்து வைத்தேன்.

பால்ராஜ் கையை மடித்துக் கண்ணை மூடினார். "ஆரம்பி எஸ்தர்" என்றார்.

எனக்கு வரவில்லை. அம்மா வாய் திறக்காத அன்று அப்பா முழித்தது ஞாபகம் வந்தது. எதிரே மன்னிக்க ஆள் இல்லை. ஜெபத்துக்கு வாசல் அடைத்துவிட்டது. பிள்ளையைத் திருப்பிக் கொடுப்பார்களா மாட்டார்களா என்கிற பயம் ஒரு பக்கம், அதற்காக ஆண்டவரிடம் போகக்கூட முடியவில்லையே என்கிற பயம் இன்னொரு பக்கம்.

6

அப்பா இறந்து பத்து வருஷமாகிறது. அம்மா போய் ஆறு வருஷம். அம்மா போவதற்கு முந்தின வருஷம் ஊருக்குப் போயிருந்தேன். ஒரு காலையில் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இத்தனை வருஷம் கேட்காததை அன்றைக்குக் கேட்டேன்.

"நான் ஹாஸ்டலுக்குப் போனப்புறம் அப்பாவுக்கு யாரும்மா சொன்னாங்க?"

"இன்னா சொன்னாங்க?"

"நீ மன்னிச்சிட்டன்னு."

அம்மா கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "யாரும் சொல்லல. நீ போன மறுநாளு கேட்டாரு. நான் வாயத் தொறக்கல. நீ எங்கன்னு திரும்பிப் பாத்தாரு. நீ இல்ல. சங்கு ஊதிடிச்சி. அன்னைக்கு வேலைக்கே போவல."

"அடிக்கலியா?"

"அடிக்காம? அன்னைக்கு ஜாஸ்தி அடி. இந்தப் பல்லு அன்னைக்குத்தான் போச்சி. மறுநாளும் கேட்டாரு, கை ஓங்கனாரு, உட்டுட்டாரு. மூணு நாளு ஊட்லயே குந்திக்கினு இருந்தாரு. நாலாம் நாளு ஜெபம் பண்ணாமயே போனாரு, நடுங்கிக்கினே போனாரு. அதுக்கப்புறம் என்மேல கை வக்கல."

"எப்பவுமேவா?"

"எப்பவுமே. வச்சா மறுநாள் காலைல கேக்கணுமே. கேட்டா நான் சொல்லமாட்டேனே."

 நான் ஹாஸ்டலுக்குப் போன மறுநாளோடு நின்ற அடி அது. நான் சொல்லிக்கொண்டிருந்த ஆறு வருஷமும் விழுந்த அடி. தோள்பட்டை, தோசைக்கல், எல்லாம். தேம்பி அழ ஆரம்பித்துவிட்டேன்.

"அட, உன்ன இன்னா சொல்லிட்டேன் இப்ப?" என்று அம்மா கீரைக் கையோடு என் முகத்தைத் துடைத்தாள். "நீ கொழந்த. அடி நிக்கட்டும்னுதான் சொன்ன. ஆனா நீ சொல்லிக்கினு இருந்த வரைக்கும் அந்தாளுக்கு என் வாயி தேவப்படல. அவ்ளோதான்."

"அப்போ உன் ஜெபம்? மன்னிக்காமலே எப்படிம்மா நீ தினம் ஜெபத்துல உக்காந்த?"

"உங்கப்பா ஜெபம் வேற, என் ஜெபம் வேற. நான் அவருக்கு முன்னயே எழுந்து கொழாயாண்ட போய்டுவேன்ல? கொடம் ரொம்பற நேரம் போதும் எனக்கு. ஆண்டவரே, இந்த ஆளு நேத்தும் என்ன அடிச்சான், நான் இன்னும் மன்னிக்கல, இன்னைக்கும் உன்னத்தான் நம்பி எழுந்திருக்கறேன்னு சொல்லிடுவேன். அவராண்ட நான் ஒரு நாளும் பொய் சொன்னதில்ல."

"கடைசியிலயாவது மன்னிச்சியா அப்பாவ?"

"அது எனக்கும் ஆண்டவருக்கும். உனக்கு இன்னாத்துக்கு?" என்று சொல்லிவிட்டு அம்மா கீரையை அள்ளிக்கொண்டு எழுந்துபோனாள்.

இத்தனையும் தெரிந்த பிறகுதான் நான் என் மகளிடம் கேட்டேன், மன்னிச்சிட்டியா என்று. அதை நினைத்தால் என் கையை அந்த மிஷினில் கொடுக்கலாம் போல இருக்கிறது.

7

இரண்டு வாரம் கழித்து அலுவலகத்தில் கூட்டம். மேஜைக்கு ஒரு பக்கம் நானும் பால்ராஜும். எதிரே அந்த இளம்பெண், லியா. ஓரத்தில் மொழிபெயர்க்க வந்த வாணி என்ற யாழ்ப்பாணத்துப் பெண். எனக்கு ஜெர்மன் தெரியும், இருந்தாலும் இதைச் சொந்த மொழியில் பேசட்டும் என்று வரவழைத்திருந்தார்கள். லியாவின் காதில் தையல் பிரித்த தழும்பு தெரிந்தது. முடியை வேண்டுமென்றே பின்னால் ஒதுக்கிவிட்டிருந்தாள்.

"மகளுக்கும் உங்களுக்கும் இடையில இப்ப எப்பிடி இருக்கு எண்டு கேக்கிறா" என்றார் வாணி. "பிள்ளை வீட்டை திரும்பி வந்தால் பாதுகாப்போ எண்டதைத்தான் இவை முடிவெடுக்கப் போகினம்."

பால்ராஜ் முந்திக்கொண்டார். நல்ல மனுஷர், இரண்டு வாரமாகச் சரியாகச் சாப்பிடாதவர். "எல்லாம் சரியாய்டுச்சும்மா. பெத்த தாய்தானே. லியா மன்னிச்சிட்டா. அன்னைக்கே மன்னிச்சிட்டா. எங்க வீட்ல அதெல்லாம் மனசுல வச்சிக்கறதில்ல" என்றார்.

லியா தலையைத் தூக்கினாள். எதிர்ச் சுவரைப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை.

அந்தப் பார்வை எனக்குத் தெரியும். ஆறு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது. வாணி ஜெர்மனில் சொல்ல வாயெடுத்தார். இளம்பெண் பேனாவைத் தயாராக வைத்திருந்தாள். அந்த ஒரு வார்த்தையை எழுதிக்கொண்டால் பிள்ளை வீட்டுக்கு வந்துவிடுவாள் என்று எனக்குத் தோன்றியது. எழுதாவிட்டால் வராமலே போகலாம்.

"இல்ல" என்றேன். "அதச் சொல்லாதீங்க."

"எஸ்தர்!" என்றார் பால்ராஜ். மேஜைக்கு அடியில் என் முழங்காலைப் பிடித்து அழுத்தினார்.

"அவ மன்னிக்கல. நான் அவ காதைக் கிழிச்சேன். மறுநாள் மன்னிச்சிட்டேன்னு சொல்லுன்னு அடிச்சேன். அவ சொல்லல. இப்பவும் சொல்லல. அவளுக்காக வேற யாரும் சொல்லக் கூடாது. அவங்கப்பாவும்தான்."

வாணி என்னையே பார்த்தார். "அக்கா, இதை நான் அப்பிடியே சொல்லவோ? இவை எல்லாத்தையும் எழுதுவினம்."

"அப்படியே சொல்லுங்க."

சொன்னார். அந்தப் பெண் நிறைய எழுதினாள்.  பால்ராஜ் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். என் பிள்ளையை நானே தொலைத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். லியா சுவரிலிருந்து பார்வையை எடுத்து என்மேல் வைத்திருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது.

கடைசியில் அந்தப் பெண் அவளிடம் கேட்டாள். லியா ஜெர்மனில் பதில் சொன்னாள், மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. வீட்டுக்குப் போகிறேன். ஆனால் அந்தக் கேள்வியை என்னிடம் இனிமேல் யாரும் கேட்கக் கூடாது. இன்னொரு தரம் கை விழுந்தால் நான் திரும்பி இங்கேதான் வருவேன்.

அதையும் எழுதிக்கொண்டார்கள். மூன்று பேரும் கீழே கையெழுத்துப் போட்டோம். மாதம் ஒரு முறை வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள்.

8

அவள் வந்த மறுநாள் காலை, வழக்கத்துக்கு முன்னாலேயே எழுந்து சமையலறைக்குப் போனேன். யாரையும் எழுப்பவில்லை. எங்கள் வீட்டில் குழாயடி இல்லை, இருக்கிறது ஒரு கெட்டில்தான். அதில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டுத் தரையில் முழங்கால் போட்டேன். டைல்ஸ் ஜில்லென்று இருந்தது. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அம்மா சொன்ன மாதிரியே ஆரம்பித்தேன். என்ன, நான் நிற்கிற பக்கம் வேறு.

"ஆண்டவரே, என் பிள்ளைய நான் அடிச்சேன். அவ இன்னும் மன்னிக்கல. மன்னிக்கலன்னாலும் வந்திருக்கேன். உங்களத்தான் நம்பி வந்திருக்கேன். இன்னைக்கு என் கையப் பிடிச்சிக்குங்க."

அவ்வளவுதான். பாட்டு இல்லை, வசனம் இல்லை. அதற்கு மேல் சொன்னால் பொய் கலந்துவிடும் போல இருந்தது. கண்ணைத் திறந்தபோது லியா வாசலில், கால்சட்டைக்கு மேல் போர்வையைச் சுற்றிக்கொண்டு நின்றிருந்தாள். எவ்வளவு கேட்டாள் என்று தெரியாது. எனக்கு எழுந்திருக்கவும் கூச்சமாக இருந்தது.

அவள் என்னைத் தாண்டிப் போய்க் கெட்டிலை அணைத்தாள். ஒரு டம்ளர் மட்டும் எடுத்துத் தனக்குத் தேநீர் போட்டுக்கொண்டாள். எனக்குப் போடவில்லை. மேஜையில் உட்கார்ந்து, காதுப் பக்கத்தை எனக்குத் திருப்பி வைத்துக்கொண்டு குடித்தாள்.

குடித்து முடித்து எழுந்துபோகும்போது, திரும்பாமலே சொன்னாள். "நாளைக்கும் இதையே சொல்லு."

இன்று காலையும் அதையேதான் சொன்னேன்.